அந்த ஒரு வரியை மாத்தினது யாரு? நோட்டுப் புத்தகத்திலிருந்து எஸ்டோனியா வரை பிளாக்செயினின் கதை

இந்த வாரமும் ஹிஸ்டரிதான். ஆனா ஆரம்பிக்கிறது என்னோட ஒரு பழைய தப்புல இருந்து.

இன்ஜினியரிங் முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த வருஷம். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனி. எனக்கு சப்போர்ட் டீம்ல வேலை. ஒரு நாள் நைட் ஷிஃப்ட்ல ஒரு போன். "தம்பி, ஒரு பேஷண்ட்டுக்கு ஊசி போட்ட டைம் மூணு நாப்பதுன்னு ஏறியிருக்கு. ரெண்டு நாப்பதுதான் கரெக்ட். ஸ்கிரீன்ல எடிட் பண்ண விட மாட்டேங்குது. நீங்க உள்ள இருந்து மாத்தி விட்டுருங்களேன்."

டேட்டாபேஸைத் திறந்தேன். ஒரே ஒரு வரி எழுதினேன். என்டர் தட்டினேன். "ரொம்ப தேங்க்ஸ் தம்பி"ன்னு போனை வெச்சுட்டாங்க. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகலை.

யார் எதை மாத்தினாங்கன்னு எழுதி வைக்கிற லாக் அந்த சாஃப்ட்வேர்ல இருந்துச்சு. ஆனா ஸ்கிரீன் வழியா நடக்கிற மாற்றங்களை மட்டும்தான் அது பதியும். நான் போனது பின்வாசல் வழியா. அதனால நான் வந்துட்டுப் போனதுக்குத் தடயமே இல்லை.

அது நிஜமாவே டைப்பிங் மிஸ்டேக்கா? இல்ல, ஒரு மணி நேரம் லேட்டா போட்ட ஊசியை யாரோ மறைச்சாங்களா? எனக்குத் தெரியாது. அன்னைக்குக் கேட்கணும்னுகூட தோணலை. இன்னைக்கு யார் போய்த் தோண்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய நேரம் எங்கேயும் இல்லை. அதை அழிச்சது நான்தான்.

மருத்துவத் தகவலுக்குப் பாதுகாப்புன்னு சொன்னதும் நமக்கு ஹேக்கர்தான் ஞாபகத்துக்கு வருவான். நம்ம பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திருடிடுவான், வெளியில வித்துடுவான். அது உண்மையான பயம்தான். ஆனா வீட்டுக்குள்ளேயே சாவியோட இருக்கிற ஆளைப் பத்தி நாம அவ்வளவா யோசிக்கிறதில்லை. என்னை மாதிரி ஆளை.

"பிளாக்செயின் வந்துட்டா மெடிக்கல் டேட்டா எல்லாம் சேஃப்"னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது எதைப் பாதுகாக்கும், எதைப் பாதுகாக்காது? இதுக்கான பதில் ஒரு பழைய கதையில இருக்கு. அந்தக் கதை பிட்காயின்ல ஆரம்பிக்கலை. ஒரு ஆய்வகத்தோட நோட்டுப் புத்தகத்துல ஆரம்பிக்குது.

மை டெஸ்ட்டுக்குப் போன நோட்டுகள்

1986-ல் 'செல்' என்ற அமெரிக்க அறிவியல் இதழில் நோய் எதிர்ப்பு சக்தி பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் நோபல் பரிசு வாங்கியவர். அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஓர் இளம் ஆராய்ச்சியாளர், "நோட்டில் இருக்கும் அளவுகளும் கட்டுரையில் இருக்கும் அளவுகளும் ஒத்துப்போகவில்லை" என்று கேள்வி எழுப்பினார். கட்டுரையின் இன்னோர் ஆசிரியர் தரவுகளைப் பிறகு திருத்தி எழுதினார் என்று குற்றச்சாட்டு வந்தது.

விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. நோட்டுப் புத்தகங்கள் சீக்ரெட் சர்வீஸின் தடயவியல் நிபுணர்கள் கைக்குப் போயின. ஆமாம், அமெரிக்க ஜனாதிபதிக்குப் பாதுகாப்பு கொடுக்கும் அதே அமைப்புதான். கள்ள நோட்டு பிடிப்பதும் அவர்கள் வேலை என்பதால் மையையும் தாளையும் பரிசோதிப்பதில் கில்லாடிகள். இந்தப் பக்கம் அதில் போட்டிருக்கும் தேதியில்தான் எழுதப்பட்டதா, இந்தக் கருவி அச்சடித்த காகிதம் அந்த வருஷத்துடையதா என்று சோதித்தார்கள்.

1994-ல் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று ஓர் அரசு அலுவலகம் சொன்னது. 1996-ல் மேல்முறையீட்டுக் குழு அந்த முடிவை ரத்து செய்து, குற்றம் சாட்டப்பட்டவரை முழுவதுமாக விடுவித்தது. நல்லா கவனிங்க. கட்டுரை வந்து பத்து வருஷம். ஒருவருடைய பேரும் வேலையும் ஒரே ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தன: இந்த வரி எப்போது எழுதப்பட்டது?

பேப்பராக இருந்ததால் மையையாவது சோதிக்க முடிந்தது. கம்ப்யூட்டர் ஃபைலுக்கு மை ஏது? தேதியை மாற்றினால் மாறிவிடும். பழைய ஃபைலும் புது ஃபைலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த விவகாரம் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் நியூ ஜெர்சியில் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு பேர் இந்தக் கேள்வியோடு மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டூவர்ட் ஹேபர், கிரிப்டோகிராஃபி நிபுணர். இன்னொருவர் ஸ்காட் ஸ்டார்னெட்டா, இயற்பியலாளர். டிஜிட்டல் ஆவணத்துக்கு நேர முத்திரை குத்துவது எப்படி என்ற அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1991-ல் வெளியானது.

சங்கிலி எப்படிப் பிறந்தது?

முதலில் ஹேஷ். ஒரு ஃபைலைக் கொடுத்தால் அதற்கு ஒரு கைரேகை எடுத்துக் கொடுக்கும் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க ஃபைலோ ஆயிரம் பக்க ஃபைலோ, கைரேகையின் நீளம் ஒன்றுதான். இப்போது பரவலாகப் பயன்படும் முறையில் 64 எழுத்து. ஃபைலில் ஒரு கமாவை மாற்றினாலும் கைரேகை ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இன்னொரு முக்கியமான விஷயம், கைரேகையை வைத்து ஆளைத் திரும்ப உருவாக்க முடியாது. அதாவது ஹேஷைப் பார்த்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது.

சரி, உங்கள் ஃபைலின் ஹேஷை ஒரு கம்பெனியிடம் கொடுத்து, "இது இன்று என்னிடம் இருந்தது, தேதி போட்டுக் கொடுங்கள்" என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கம்பெனியே காசு வாங்கிக்கொண்டு பழைய தேதி போட்டுக் கொடுத்தால்?

இங்கேதான் இரண்டு பேரும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். உங்கள் முத்திரைக்குள் உங்களுக்கு முன்னால் வந்தவரின் முத்திரையையும் சேர்த்தார்கள். உங்களுக்கு அடுத்து வருபவரின் முத்திரைக்குள் உங்களுடையது இருக்கும். இப்படி ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டால், நடுவில் ஒன்றை மாற்ற அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அவை எல்லாம் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன. யாரையும் நம்பச் சொல்லவில்லை. எல்லோரையும் சாட்சி ஆக்கிவிட்டார்கள். சங்கிலி என்பது இதுதான்.

இந்த யோசனையை வைத்து 1994-ல் ஷூரிட்டி என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வாரம் முழுக்க வந்த ஹேஷ்களை ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் கிடைத்த ஒற்றை ஹேஷை 1995 முதல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வாராவாரம் சின்ன விளம்பரமாகப் போட்டார்கள். 'காணவில்லை, கண்டெடுக்கப்பட்டது' அறிவிப்புகள் வரும் பகுதியில்! படத்துல கடத்தல்காரன் ஆளோட கையில அன்னைக்குப் பேப்பரைக் கொடுத்து போட்டோ எடுப்பான்ல? அந்த போட்டோ அந்தத் தேதிக்கு முன்னாடி எடுத்தது இல்லைங்கிறதுக்கு அது சாட்சி. இது அதுக்கு நேர் எதிர். பேப்பர்ல ஹேஷ் வந்துட்டா, அந்த ஃபைல் அந்தத் தேதிக்கு அப்புறம் உருவானது இல்லைன்னு சாட்சி. லைப்ரரிகளிலும் வீடுகளிலும் கிடக்கும் அத்தனை பிரதிகளையும் தேடிப் பிடித்து யாராலும் திருத்த முடியாது.

2008 அக்டோபர் 31-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயின் கட்டுரை வந்தது. அதில் மேற்கோள் காட்டியிருக்கும் ஆவணங்கள் மொத்தம் எட்டு. அதில் மூன்று ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் எழுதியவை. காயின் வருவதற்கு முன்பே சங்கிலி வந்துவிட்டது.

சின்ன நாடு, பெரிய பயம்

இப்போ பால்டிக் கடலோரத்துக்குப் போவோம். ஏன்னா இந்தச் சங்கிலியை ஒரு நாடே தன்னோட மருத்துவப் பதிவுகளுக்குப் பயன்படுத்தின இடம் எஸ்டோனியா.

மக்கள்தொகை சுமார் 13 லட்சம். ஹேபர், ஸ்டார்னெட்டா கட்டுரை வெளியான அதே 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து விடுபட்ட நாடு. புதிதாக ஆரம்பித்ததால் அரசு வேலைகளை நேராகக் கம்ப்யூட்டரில் கட்டினார்கள். 2001-ல் எக்ஸ்-ரோடு வந்தது. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் குவிக்காமல், ஒவ்வொரு துறையும் தன் டேட்டாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் பாதுகாப்பாகக் கேட்டு வாங்கும் ஏற்பாடு. 2002-ல் சிப் வைத்த அடையாள அட்டை வந்தது. அதை வைத்தே டிஜிட்டலாகக் கையெழுத்துப் போடலாம்.

2007 ஏப்ரல். தலைநகர் தாலினின் நடுவில் இருந்த சோவியத் காலத்து வெண்கல வீரன் சிலையை ராணுவக் கல்லறைக்கு இடம் மாற்ற அரசு முடிவு செய்தது. தெருவில் கலவரம். கூடவே இணையத் தாக்குதல். அரசு இணையதளங்கள், வங்கிகள், பத்திரிகைகள் எல்லாம் வாரக்கணக்கில் திணறின. அந்தத் தாக்குதல்கள் பெரும்பாலும் சர்வர்களை முடக்குபவைதான். ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நாட்டுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். முடக்குவதற்குப் பதில் ஒருவன் சத்தமில்லாமல் உள்ளே புகுந்து மாற்றிவிட்டுப் போனால்? நிலப் பத்திரத்தில் ஒரு பெயர். மருத்துவப் பதிவில் ஒரு ரத்த வகை. சர்வர் முடங்கினால் உடனே தெரியும். இது தெரியவே தெரியாது.

பதில் ஏற்கெனவே கையில் இருந்தது. அஹ்தோ புல்தாஸ் என்ற எஸ்டோனிய கிரிப்டோகிராஃபி நிபுணர் 1990-களிலேயே நேர முத்திரைச் சங்கிலிகளில் ஆராய்ச்சி செய்தவர். 1998-ல் அவரும் மற்ற மூவரும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமான ஒன்று. 2007-ல் அவரும் மார்ட் சாரெபெராவும் கார்டுடைம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அவர்களுடைய முறைக்குப் பெயர் கே.எஸ்.ஐ. ஊர்ல நடக்கிற நாக்-அவுட் கபடி டோர்னமென்ட்டை நினைச்சுக்கோங்க. ரெண்டு ரெண்டு டீமா ஆடி, கடைசியில ஒரு டீம் மேலே வரும். இங்கே இரண்டு ஹேஷ் சேர்ந்து ஒரு ஹேஷ், அந்த மாதிரி இரண்டு சேர்ந்து இன்னொன்று. யாரும் தோற்பதில்லை, எல்லோரும் மேலே இருப்பவருக்குள் கலந்துவிடுகிறார்கள். உச்சியில் ஒரே ஒரு ஹேஷ். இது ஒவ்வொரு நொடியும் நடக்கிறது. ஒரே நொடியில் 10 லட்சம் பதிவுகள் வந்தாலும், அதில் ஒன்று உண்மையா என்று சரிபார்க்க சுமார் 20 ஹேஷ் போதும். உச்சி ஹேஷ்களைச் சேர்த்துக் கிடைக்கும் ஒரு மதிப்பை ஃபைனான்ஷியல் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளில் அச்சடிக்கிறார்கள். 1995-ன் அதே பேப்பர் விளம்பரம்!

இதில் காயின் இல்லை, மைனிங் இல்லை. பிட்காயின் மாதிரி யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதும் இல்லை. அதனால் இதை பிளாக்செயின் என்று சொல்லலாமா என்றே ஒரு சண்டை உண்டு. பெயர் எதுவாக இருந்தால் என்ன, கோக்கும் விதம் அதே தாத்தாவுடையதுதான்.

2008 கடைசியில் எஸ்டோனியாவின் தேசிய மருத்துவத் தகவல் அமைப்பு ஓட ஆரம்பித்தது. 2010-ல் டிஜிட்டல் மருந்துச் சீட்டு வந்தது. 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் கே.எஸ்.ஐ. நடைமுறைக்கு வந்தது. 2016 மார்ச்சில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளுக்கு இதைப் பயன்படுத்தப்போவதாக எஸ்டோனிய மின்-சுகாதார அறக்கட்டளையும் கார்டுடைமும் அறிவித்தன.

இங்கே நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிற ஒரு விஷயம் இருக்கு. நோயாளியோட ரிப்போர்ட் எதுவும் சங்கிலியில ஏறுறதில்லை. ரிப்போர்ட் அதன் சர்வரில்தான் இருக்கும். சங்கிலியில் போவது கைரேகை மட்டும். யார் எப்போது திறந்தார்கள், எதை மாற்றினார்கள் என்ற லாகின் கைரேகையும் சேர்த்துத்தான்.

அங்கே ஒருவர் தன் அட்டையைப் போட்டு நோயாளிகளுக்கான இணையதளத்தில் நுழைந்தால், தன் பதிவை எந்த மருத்துவர் எப்போது பார்த்தார் என்ற பட்டியலைப் பார்க்கலாம். விருப்பம் இல்லையென்றால் பதிவை மருத்துவர்களின் பார்வையிலிருந்து மூடி வைக்கலாம். சிகிச்சைக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒருவர் எட்டிப் பார்த்தால் அது தண்டனைக்குரிய விஷயம். அந்தப் பட்டியலிலிருந்து தன் பெயரை அழிக்க டேட்டாபேஸ் அட்மினை நைட் ஷிஃப்ட்டில் போன் போட்டுக் கேட்டாலும், கைரேகை ஒத்துப்போகாமல் காட்டிக் கொடுத்துவிடும்.

சங்கிலி கைவிடும் இடங்கள்

இதோட நிறுத்திட்டா இது விளம்பரம் ஆயிடும். அதனால மீதிக் கதையும் சொல்லணும்.

2017-ல் எஸ்டோனிய அடையாள அட்டைகளின் சிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரியவந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 7,60,000 அட்டைகள். ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தது. நவம்பரில் அரசே அந்த அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்துப் புதுப்பித்தது. இந்த இடத்தில் சங்கிலியால் ஒன்றும் செய்ய முடியாது. வேறொருவன் உங்கள் சாவியோடு வந்தால், "நீங்கள்தான் வந்தீர்கள்" என்று சங்கிலி சத்தியம் செய்யும். பொய்யைக்கூட அழியாமல் எழுதி வைக்கும்.

2024-ல் அங்கேயே ஒரு மருந்துக் கடைக் குழுமத்தின் வாடிக்கையாளர் அட்டை டேட்டாபேஸிலிருந்து சுமார் 7,00,000 பேரின் அடையாள எண்கள் திருடு போயின. பலர் எந்தெந்தப் பொருள் வாங்கினார்கள் என்பதும் சேர்ந்து போனது. அரசுப் பதிவேடு பத்திரமாக இருந்தது. ஆனால் நீங்கள் வாங்கும் மாத்திரையே உங்கள் வியாதியைச் சொல்லிவிடுமே! கோட்டை வாசலில் எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும், பக்கத்துக் கடையில் ஜன்னல் திறந்திருந்தால் அதே தகவல் அங்கிருந்து போய்விடும்.

மூன்றாவது பிரச்சினை சட்டம். ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சில சூழ்நிலைகளில் "என் தகவலை அழித்துவிடுங்கள்" என்று கேட்கும் உரிமையை அது கொடுக்கிறது. நோயாளியின் ரிப்போர்ட்டையே அழிக்க முடியாத சங்கிலியில் ஏற்றியவர் என்ன செய்வார்? 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து பார்த்த மெட்ரெக் என்ற மாதிரித் திட்டத்திலும் பதிவுகள் ஆஸ்பத்திரியிடமே இருந்தன. யாருக்குப் பார்க்க அனுமதி என்ற விவரமும், பதிவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பும்தான் சங்கிலியில். பகிர்வதற்கும் அதே விதிதான்: சரக்கு கிடங்கில், ரசீது சங்கிலியில்.

ஆக பிளாக்செயின் ஒரு பூட்டு இல்லை. திருடனை அது தடுக்காது. அது ஒரு சாட்சி. நடந்ததை நடக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாமல் செய்யும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயம் இல்லை.

நம்ம ஊருக்கும் இந்தக் கேள்வி வந்தாச்சு. 2021 செப்டம்பர்ல ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்கத் தொடங்கினப்போ, நம்ம பதிவுகளை ஒரு சுகாதார எண்ணோட இணைக்கலாம்னு வந்துச்சு. அதுலயும் பதிவுகள் ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கும், நம்ம சம்மதத்தோட பகிரப்படும். நல்ல ஏற்பாடு. ஆனா நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்க வேண்டியது "உங்ககிட்ட பிளாக்செயின் இருக்கா?" இல்லை. "என் ஃபைலை யார் திறந்தாங்கன்னு எனக்குக் காட்ட முடியுமா? அந்தப் பட்டியலை உங்க ஐ.டி. ஆளால மாத்த முடியுமா?" இந்த ரெண்டு கேள்விதான்.

அந்த போனுக்குத் திரும்ப வர்றேன். ரொம்ப நாளா நான் அதை ஒரு கோணத்துல மட்டும்தான் யோசிச்சேன். ஒருவேளை ஒரு தப்பை மறைக்க உதவிட்டேனோன்னு. இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் இன்னொரு கோணம் உறைச்சது. போன் பண்ணினவங்க நூறு சதவீதம் நேர்மையானவங்களா இருந்திருக்கலாம். நிஜமாவே ரெண்டு நாப்பதுக்கு ஊசி போட்டுட்டு, அலைச்சல்ல தப்பா டைப் பண்ணியிருக்கலாம். அப்படின்னா நான் அநியாயம் பண்ணினது அவங்களுக்குத்தான். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா, "இதைத் திருத்தினோம், இன்ன நேரத்துல, இன்ன காரணத்துக்காக"ன்னு காட்ட அவங்க கையில ஒண்ணும் இல்லை. 1986-ல ஆரம்பிச்ச அந்த விவகாரத்துல ஒருத்தர் விடுதலையாகப் பத்து வருஷம் காத்திருந்தாரே, அந்த மாதிரிதான்.

அன்னைக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது ரொம்ப சிம்பிள். பழைய வரியை அப்படியே விட்டுட்டு, அதுக்குக் கீழே திருத்தத்தைப் புது வரியா, யார் கேட்டாங்க, யார் செஞ்சாங்கன்னு பேரோட எழுதியிருக்கணும். அதுக்கு பிளாக்செயின்கூட தேவையில்லை. அதுக்கப்புறம் அதை யாரும் மாத்தாம பார்த்துக்கத்தான் சங்கிலி.

இப்ப நான் எழுதுற எந்த சிஸ்டத்துலயும் அந்தப் பின்வாசலை முதல்ல தேடுறேன். ஏன்னா அது வழியா போன ஆள் நான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.